ஏரிகளின் மேல் எழுந்த வீடுகள்: சென்னையில் முதல் வீட்டின் நூறாண்டு

சம்பளத்தை நம்பி வாழும் குடும்பம் தன் சேமிப்பில் மனை வாங்கி, பேட்டையைத் தானே தேர்ந்தெடுத்துக் குடியேறுவது சென்னையில் ஏறக்குறைய நூறாண்டுப் பழக்கம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நகருக்கு வந்த குமாஸ்தாவுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் சொந்த வீடு என்று ஒன்று இருந்தால் அது தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ இருந்தது. பட்டணத்தில் இருந்தது வாடகைக் குடித்தனம். எந்தப் பேட்டையில் குடியிருப்பது என்பதையும் சாதியும் தொழிலும் கோயிலும்தான் முடிவு செய்தன. மயிலாப்பூரின் மாடவீதிகளும் திருவல்லிக்கேணியின் குளத்தங்கரையும் ஒரு வகையினருக்கு; ஜார்ஜ் டவுனின் கடைத்தெருக்கள் வணிகர்களுக்கு; ராயபுரமும் காசிமேடும் துறைமுகத்தையும் கடலையும் நம்பியவர்களுக்கு. வெள்ளையரும் அவர்களோடு வளர்ந்த பெருவணிகரும் தோட்ட வீடுகளில் வாழ்ந்தார்கள்.

திருவல்லிக்கேணியில் ‘ஸ்டோர்’ என்று அழைக்கப்பட்ட வீடுகள் இந்த வாடகை வாழ்க்கையின் சரியான உருவம். ஒரு நீண்ட நடை, அதன் ஓரமாக வரிசையாக ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்ட குடித்தனங்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு, பின்கட்டில் பொதுக் கழிப்பிடம். பத்துக் குடும்பங்கள் ஒரே வாசலில் புழங்கின. விடியுமுன் கிணற்றடியில் முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். சொந்த வீட்டுக் கனவுக்கு நிலத்தாசையைக் காட்டிலும் தனிக் கிணறும் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்ற தவிப்பே முதல் காரணமாக இருந்திருக்க வேண்டும். இன்றும் சென்னையில் வீடு பார்க்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி ‘தண்ணி எப்படி?’ என்பதுதான்.

வீடு கட்டக் கடன் தரும் அமைப்பு அப்போது நிதி ஒன்றுதான். மாதச் சந்தாவாகப் பணம் சேர்த்து, நகையின் பேரிலும் வீட்டின் பேரிலும் உறுப்பினருக்குக் கடன் தரும் இந்த முறை சென்னையில் ஆழமாக வேரூன்றியது. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் அவற்றில் பெயர் பெற்ற ஒன்று. ஆனால் நிதியில் பெரிய தொகை பெற அடகு வைக்க ஏற்கெனவே ஒரு சொத்து வேண்டும். சொத்தில்லாதவர் முதல் வீட்டை அடைய அது உதவவில்லை. சேமித்தவர்களுக்கும் உத்தரவாதம் கிடையாது. 1906 அக்டோபரில் வங்கித் தொழில் செய்த ஆர்பத்நாட் கம்பெனி திவாலானபோது ஓய்வூதியமும் வாழ்நாள் சேமிப்பும் போட்டிருந்த ஏராளமான குடும்பங்கள் ஒரே நாளில் கையறு நிலைக்கு வந்தன. மனையிலும் வீட்டிலும் போட்ட பணம்தான் பத்திரம் என்ற எண்ணம் இந்நகர நடுத்தர வர்க்கத்தில் இறுகியதற்கு அந்த வீழ்ச்சியும் ஒரு காரணம்.

1920களில் நிலைமை மாறியது. நகரமைப்பு வல்லுநர் லான்செஸ்டர் சென்னையைப் பற்றி எழுதிய நூல் 1918இல் வந்தது. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. புதிய குடியிருப்புக்கு இடம் தேடியபோது அதிகாரிகளின் கண் விழுந்தது நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து நீண்டு கிடந்த பேரேரியின் மேல். ‘லாங் டாங்க்’ என்று அரசு ஆவணங்கள் அழைத்த அந்த ஏரியின் மாம்பலம் பகுதி 1923 முதல் வடிக்கப்பட்டது. அதன் படுகையில் எழுந்ததுதான் தியாகராய நகர். மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கு, முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர் நடுவிலுள்ள பூங்காவுக்கு. உஸ்மான் ரோடு, டாக்டர் நாயர் ரோடு, நடேசன் பூங்கா என்று நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்ப்பட்டியலே தெருப் பலகைகளாயிற்று.

தியாகராய நகரில் மனை வாங்கியவருக்கு மனை மட்டும் கிடைக்கவில்லை. வீடு கட்டுவதற்கு முன்பே சாலை போடப்பட்டிருந்தது. பூங்காவுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் இடம் விடப்பட்டிருந்தது. வக்கீல்கள், செயலக ஊழியர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், பின்னாளில் சினிமாக்காரர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். மாடவீதி வீடுகளைப்போல் பக்கச் சுவரைப் பங்கிட்டுக்கொள்ளாமல், ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், நாற்புறமும் காலியிடம் விட்டு நடுவே வீடு. முன்னால் போர்ட்டிகோ, பின்னால் கிணறு, இரண்டு தென்னை, ஒரு மா. திண்ணை மறைந்து காம்பவுண்டுச் சுவர் வந்தது. ஏரிப்படுகை ஆனதால் கிணற்றில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் தெருவிலும் பஞ்சமில்லை.

இரண்டாவது உந்துதல் ரயில். 1931 மே மாதத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கோட்டைக்கும் பாரிமுனைக்கும் வேலைக்குப் போகிறவர் இனி நடந்து போகும் தூரத்தில் குடியிருக்க வேண்டியதில்லை. மாம்பலம், சைதாப்பேட்டை, பிறகு குரோம்பேட்டை, தாம்பரம் என்று தண்டவாளத்தை ஒட்டி மனைகள் விற்கத் தொடங்கின. ‘ஸ்டேஷனுக்கு நடை தூரம்’ என்ற வாக்கியம் அன்றிலிருந்து மனை விளம்பரங்களை விட்டுப் போகவே இல்லை.

போர்க்காலம் வீட்டுச் சந்தையை இருமுறை புரட்டிப்போட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான் தாக்கும் என்ற அச்சத்தில் நகரமே காலியானது. ஊரைப் பார்த்துப் போனவர்கள் வீடுகளைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள், கையில் காசும் மனதில் துணிச்சலும் இருந்தவர்கள் வாங்கினார்கள். போர் முடிந்ததும் நேர்மாறாக நெருக்கடி. 1941இல் 7.77 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1951இல் 14.16 லட்சமானது. நகர எல்லை விரிந்ததும் இந்த உயர்வில் ஒரு பங்கு என்றாலும், வாடகைக்கு வீடு கிடைக்காத தவிப்பு உண்மையானது. 1946இலும் 1949இலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. இருந்த குடித்தனக்காரரை அச்சட்டங்கள் காத்தன. ஆனால் வாடகைக்கென்று புதிதாக வீடு கட்டும் ஆர்வத்தையும் அவை குறைத்தன. அதனால் புதிதாக நகருக்கு வந்தவருக்குச் சொந்த வீடு ஆசையாக இருந்தது போய்க் கட்டாயமாயிற்று.

அந்தக் கட்டாயத்துக்குக் கிடைத்த நல்ல விடை கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம். தனியாக ஒரு கிரவுண்டு வாங்க முடியாதவர்கள் உறுப்பினராகிப் பங்குத்தொகை கட்டுவார்கள். சங்கம் புறநகரில் ஏக்கர் கணக்கில் வயலோ தோப்போ வாங்கும். மனை பிரித்து, சாலை விட்டு, உறுப்பினர்களுக்கு ஒதுக்கும். அரசுக் கடனும் சங்கத்தின் வழியே வரும். கடன் தீரும்வரை பத்திரம் சங்கத்திடம் அடமானமாக இருக்கும். அடையாற்றின் தென்கரையில் காந்தி நகரும் பிறகு கஸ்தூரிபா நகரும் இப்படி எழுந்தவை. நங்கநல்லூரிலும் மேற்கு மாம்பலத்திலும் அதே முறையில் தெருத்தெருவாக வீடுகள் வந்தன. ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் ஒரே தெருவில் அயலாராகவும் ஆனார்கள். ஆசிரியர் காலனி, வங்கி ஊழியர் காலனி, தபால் தந்தி ஊழியர் காலனி என்ற பெயர்கள் தமிழகமெங்கும் இந்த வழியில் வந்தவை.

சங்கம் செய்த மிகப் பெரிய காரியம் கடன் வாங்கித் தந்தது அல்ல. மூலப் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது, வில்லங்கம் பார்ப்பது, சாலைக்கு இடம் விடுவது, குடிநீர் இணைப்புக்கு அலைவது ஆகிய வேலைகளை வாங்குகிறவருக்காக அது செய்தது. தனிமனிதரால் செய்ய முடியாத சோதனையை நூறு பேர் சேர்ந்து செய்தார்கள். இதன் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். உறுப்பினராவது என்பது தெரிந்தவர் வழியாகத்தான் நடந்தது. மாதச் சம்பளம் உள்ளவர், அதிலும் பெரும்பாலும் மேல்சாதி, இடைச்சாதிக் குடும்பத்தவர் உள்ளே வந்தார்கள். தலித் குடும்பங்களுக்கு அந்தக் கதவு அரிதாகவே திறந்தது.

1961இல் உருவான வீட்டுவசதி வாரியம் இந்த வேலையை அரசின் கைக்கு மாற்றியது. அதற்கு முன்பிருந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட்டின் நினைவு சி.ஐ.டி. நகர், சி.ஐ.டி. காலனி என்ற பெயர்களில் தங்கிவிட்டது. அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், இந்திரா நகர் ஆகியவை வாரியம் நிலம் கையகப்படுத்தி உருவாக்கியவை. இவற்றில் பெரியது அண்ணா நகர். 1968இல் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தை ஒட்டி, நடுவக்கரை முதலான கிராமங்களின் வயல்களில் அது எழுந்தது. நேர்கோட்டுச் சாலைகள், எண்ணிட்ட குறுக்குத் தெருக்கள், ரவுண்டானாக்கள், கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் நிற்கும் பூங்கா எல்லாம் காகிதத்தில் வரைந்து முடித்த பிறகே தரைக்கு வந்தன.

வாரிய வீடு வாங்குவது ஒரு தனி அனுபவம். வருமானத்துக்கு ஏற்ப எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று பிரிவு, விண்ணப்பம், முன்பணம், பிறகு குலுக்கல். குலுக்கலில் பெயர் வந்தால் எந்த மாடி, எந்தக் கதவு எண் என்பதும் சீட்டிலேயே முடிவாகிவிடும். அண்டை வீட்டுக்காரர் யார் என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. பெசன்ட் நகரின் நாலு மாடிக் குடியிருப்புகளில் வெவ்வேறு சாதி, மதக் குடும்பங்கள் ஒரே மாடிப்படியைப் பகிர்ந்தன. அரசுக் குடியிருப்பில் இட ஒதுக்கீடும் உண்டு. சென்னையின் குடியிருப்பு வரலாற்றில் சாதித் தெருவை உடைத்த சக்திகளில் இந்தக் குலுக்கல் சீட்டுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

தவணை பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடும். அதுவரை குடியிருப்பவர் ஒதுக்கீட்டாளர்தான், உரிமையாளர் அல்ல. கடைசித் தவணை கட்டியபிறகும் கிரயப் பத்திரம் எளிதில் வந்துவிடாது. ஒதுக்கீட்டின்போது சொன்னது தற்காலிக விலை. நிலத்தைப் பறிகொடுத்த விவசாயிகள் நீதிமன்றம் சென்று கூடுதல் இழப்பீடு பெற்றால், அந்தச் சுமை இறுதி விலையாக வீட்டுக்காரர் தலையில் ஏறும். இதை எதிர்த்து நலச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. ஒரு பக்கம் வயலை இழந்த குடும்பம், மறுபக்கம் பென்ஷனில் பாக்கி கட்ட முடியாத குடும்பம். இரு தரப்பும் நியாயம் கேட்டே நீதிமன்றப் படியேறின.

1977 வாக்கில் உலக வங்கி உதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் வேறொரு முயற்சி நடந்தது. முழு வீட்டுக்குப் பதிலாகச் சிறு மனை, குடிநீர்க் குழாய், கழிப்பறை மட்டும் கொடுத்து, மற்றதைக் குடும்பம் தன் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ளட்டும் என்பது திட்டம். ஆரம்பத்தில் ஆள் வராத காலி மனைகளைப் பார்த்துப் பலர் தோல்வி என்றார்கள். நாற்பதாண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் அவை நெருக்கமான, கடைகளும் பள்ளிகளும் நிறைந்த, பல வருமானத்தவரும் கலந்து வாழும் பேட்டைகளாக நிற்கின்றன. குறைந்த வருமானக்காரருக்கு நகரம் இதைவிட நல்ல வழி ஒன்றைக் காட்டியதில்லை. அதைத் தொடராமல் கைவிட்டது பெரிய இழப்பு.

பிறகு தேர்வு முழுக்க முழுக்கத் தனிமனிதர் கைக்கு வந்தது. 1977இல் மும்பையில் எச்.டி.எஃப்.சி. தொடங்கப்பட்டது; 1988இல் தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது. ஓய்வு பெறும்போது பி.எஃப். பணத்தில் வீடு கட்டிய தலைமுறை போய், முப்பது வயதில் கடன் வாங்கி இருபதாண்டு இ.எம்.ஐ. கட்டும் தலைமுறை வந்தது. தாம்பரம், ஆவடி, செங்குன்றம் பக்கங்களில் நிலத் தரகர்கள் வயலுக்குள் சுண்ணாம்புக்கோடு இழுத்து, கல் நட்டு, பெயர்ப்பலகை வைத்து மனை விற்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் இலவசமாக அழைத்துப்போய், மதியச் சாப்பாடும் போட்டு மனை காட்டினார்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்கப்பட்டவற்றில் பல, மனைப்பிரிவை அனுமதிக்க அதிகாரமே இல்லாத ஊராட்சித் தலைவரின் கையெழுத்தை மட்டுமே தாங்கியிருந்தன. அதிகாரம் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.க்கும்தான் உண்டு. வாங்கியவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது பெரும்பாலும் கடனுக்கு வங்கிப் படியேறிய பிறகே.

நகரத்துக்குள் தனி வீடுகள் இடிந்து ஃபிளாட்டுகள் ஆயின. ஒரு கிரவுண்டு வீட்டின் உரிமையாளரும் கட்டுநரும் பங்கு போட்டு, கட்டுநர் தன் பங்கை விற்பார். ஃபிளாட் வாங்குகிறவருக்குப் பதிவாகும் பத்திரம் நிலத்தில் பிரிக்கப்படாத பங்குக்கானது. 900 சதுர அடி வீட்டுக்கு 400 அல்லது 450 சதுர அடி நிலப் பங்கு என்பதுபோல. தரைக்கு மேல் எத்தனை மாடி வந்தாலும் தரை அதே தரைதான் என்பதால், அடுக்கு கூடக் கூடப் பங்கு சுருங்கும்.

சென்னையில் முதல் வீடு வாங்குகிறவரின் கையில் இன்று குவியும் ஆவணங்களைப் பிரித்துப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் அதற்குள் இருக்கிறது. தாய்ப் பத்திரம், கிரயப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, நிலஅளவைப் புத்தகத்தின் நகல். பழைய பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் வரும்; அதில் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை. ‘கிழக்கில் இன்னார் புஞ்சை, மேற்கில் வாய்க்கால், வடக்கில் வண்டிப்பாதை, தெற்கில் ஏரிக்கரை’ என்பதுபோல எழுதியிருக்கும். அடுத்த பத்திரத்தில் வாய்க்கால் இருந்த இடத்தில் ‘இருபதடிச் சாலை’ என்றிருந்தால், மழைநீர் போகும் வழியின் மேல்தான் தெரு ஓடுகிறது என்று பொருள். கிராம ‘அ’ பதிவேட்டில் புல எண்ணுக்கு நேரே நஞ்சை, புஞ்சை, நத்தம் என்றிருக்கிறதா, ஏரி, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு என்றிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. பஞ்சமி நிலமாக இருந்தால் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கவே முடியாது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்டு, பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட நிலம் அது. அந்த நிபந்தனையை மீறி எழுந்த மனைப்பிரிவுகள் சென்னையைச் சுற்றி இன்னமும் உள்ளன. அவை பறிக்கப்பட்ட உரிமையின் மேல் நிற்பவை.

நீரின் கணக்கு 2015 டிசம்பரில் தீர்க்கப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்ட நீர் அடையாற்றில் இறங்கியபோது, ஜாஃபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளின் முதல் மாடியை வெள்ளம் தொட்டது. வேளச்சேரி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு நீர் வடியும் தாழ்நிலம். அங்கே ஃபிளாட் வாங்கிய பல ஆயிரம் குடும்பங்கள் அதைப் படகில் ஏறிய அன்றுதான் உணர்ந்தன. தனியார் மட்டும் குற்றவாளிகள் அல்லர். முகப்பேரில் அரசே கட்டிய குடியிருப்புக்கு ‘ஏரித் திட்டம்’ என்று பெயரிடப்பட்டது. நுங்கம்பாக்கம் ஏரியில் மிஞ்சியிருந்த இடத்தில்தான் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஆனால் 1923க்கும் 1990களுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. முன்பு ஏரியை மூடியவர்கள் சாலையும் பூங்காவும் திட்டமிட்ட பிறகு மனை கொடுத்தார்கள். பின்பு மூடியவர்கள் பத்திரத்தை மட்டும் கொடுத்தார்கள்.

பேட்டையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதவர்கள் இந்த வரலாற்றின் இன்னொரு பாதி. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதுதான் வழி. 2000 வாக்கில் அது மாறிவிட்டது. கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் நகரின் மையத்திலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. தள்ளியுள்ள கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. வேலையும் பள்ளியும் ஒரு பக்கம், வீடு மறுபக்கம் என்று பிரிந்தது. வெள்ள ஆபத்திலிருந்து காக்கிறோம் என்று சொல்லிச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கு அவர்களைக் கொண்டுபோனது எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாத செயல்.

சட்டம் தாமதமாக வந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்கக் காத்திருந்தவர்கள் தவித்தார்கள். 2017 மே மாதத்தில், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அதே ஆண்டில் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையமும் செயல்படத் தொடங்கியது. 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 தொழிலாளர்கள் இறந்த பிறகு, கட்டுநரிடம் மண் பரிசோதனை அறிக்கை கேட்கும் பழக்கமும் வாங்குவோரிடம் வந்திருக்கிறது. 2022இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும், சதுப்பு நிலத்தை ஒட்டிய மனைகளுக்கு ஒரு புதிய கேள்வி கூடியது.

இதற்கிடையே முதல் தலைமுறை வாரிய ஃபிளாட்டுகளுக்கு ஐம்பது வயதாகிவிட்டது. கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரியும் கூரைகளின் கீழ், குலுக்கலில் வீடு பெற்றவரின் பேரப்பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் சம்மதித்தால் பழைய குடியிருப்பை இடித்துக் கட்ட அது வழி செய்கிறது. சுருங்கிப்போகும் நிலப் பங்கு, கட்டி முடியும்வரை வெளியே கொடுக்க வேண்டிய வாடகை, முதியவர்கள் எங்கே போவது என்பவை நலச் சங்கக் கூட்டங்களில் இப்போது நடக்கும் வாதங்கள். பெசன்ட் நகரிலும் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் பழைய தொகுதிகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அவற்றின் இடத்தில் எழும் வீடுகளை, முன்பு போலத் தவணையில் அல்லாமல் சந்தை விலையில், அடுத்த தலைமுறை தன் முதல் வீடாக வாங்கிக்கொண்டிருக்கிறது.